பிரதிப்பெயர் எந்தப் பெயருக்காக நிற்கிறது? ஆங்கிலத்தில் ஒருமை பன்மை மயக்கமின்றி எழுதும் முறை

தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் எழுதும் ஆங்கிலத்தைப் பல ஆண்டுகளாகத் திருத்திவருகிறேன். மிக அதிகமாகக் கண்ணில் பட்ட பிழை எது என்று கேட்டால், 'ஐ பாட் த்ரீ புக்ஸ். இட் இஸ் வெரி யூஸ்ஃபுல்' என்ற வகைத் தொடரைத்தான் சொல்வேன். புத்தகங்கள் மூன்று, அவற்றைச் சுட்ட வந்த சொல்லோ 'இட்' என்னும் ஒருமை. 'தே ஆர் வெரி யூஸ்ஃபுல்' என்று இருந்திருக்க வேண்டும். எழுதியவருக்குப் 'புக்ஸ்' பன்மை என்பது தெரியாமல் இல்லை. அவரே பன்மை விகுதி சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார். பிழை வேறிடத்திலிருந்து வருகிறது. 'மூன்று புத்தகம் வாங்கினேன், அது நன்றாகப் பயன்படுகிறது' என்று பேச்சில் சொன்னால் நம்மில் யாருக்கும் அது காதில் இடறுவதில்லை. 'மரம் வளர்ந்தது', 'மரம் வளர்ந்தன' என்ற இரண்டும் சரியே என்று கொண்டு, இத்தகைய சொற்களுக்குப் 'பால்பகா அஃறிணைப் பெயர்' என்று நம் இலக்கணமே பெயர் கொடுத்து ஏற்றுக்கொண்டிருக்கிறது. அஃறிணையில் ஒருமையையும் பன்மையையும் பெயரிலேயே காட்டியாக வேண்டும் என்ற கட்டாயம் நமக்கு இல்லை. ஆங்கிலத்தில் அந்தக் கட்டாயம் உண்டு. பெயரில் மட்டுமல்லாமல், அந்தப் பெயருக்குப் பதிலாகப் பின்னால் வரும் ஒவ்வொரு சொல்லிலும் உண்டு.

அப்படிப் பெயருக்குப் பதிலாக வரும் 'ஹி', 'ஷி', 'இட்', 'தே', 'ஹிஸ்', 'ஹெர்', 'இட்ஸ்', 'தெயர்' போன்றவற்றைப் பிரதிப்பெயர்கள் என்கிறோம். அவை எந்தப் பெயருக்காக நிற்கின்றனவோ அதனை ஆங்கில இலக்கணம் 'ஆன்டிசிடென்ட்' என்கிறது. 'முன்னே செல்வது' என்ற பொருள் தரும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. இக்கட்டுரையில் அதனை மூலப்பெயர் என்றே குறிப்பிடுகிறேன். பெரும்பாலும் மூலப்பெயர் முன்னால் வரும் என்றாலும், 'வென் ஹி ரீச்ட் ஹோம், ரவி லாக்ட் தி டோர்' என்பதைப் போலப் பிரதிப்பெயர் முந்திக்கொண்டு, பெயர் பின்னால் வருவதும் ஆங்கிலத்தில் இயல்பே. எங்கே வந்தாலும் விதி ஒன்றுதான்: பிரதிப்பெயர் தன் மூலப்பெயரோடு எண்ணிலும் பாலிலும் இடத்திலும் ஒத்திருக்க வேண்டும்.

இந்த விதியை ஆங்கிலம் ஏன் இவ்வளவு கண்டிப்பாகப் பார்க்கிறது என்பது புரிந்துவிட்டால், அதைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தமிழில் 'வந்தாள்' என்ற ஒரு வினைமுற்றே வந்தவர் ஒருவர், பெண், படர்க்கை என்ற மூன்றையும் சொல்லிவிடுகிறது. அதனால்தான் நாம் எழுவாயையே விட்டுவிட்டு 'நேற்று வந்தாள், இன்று போய்விட்டாள்' என்று பேச முடிகிறது. ஆங்கிலத்தில் 'கேம்' என்ற வினை எதையும் சொல்வதில்லை. வந்தவர் யார், எத்தனை பேர், ஆணா பெண்ணா என்ற சுமை முழுவதையும் பிரதிப்பெயரே தாங்குகிறது. தமிழில் சுட்டுப்பெயர் சற்றுத் தவறினாலும் வினைமுற்று காப்பாற்றிவிடும். ஆங்கிலத்தில் பிரதிப்பெயர் தவறினால் காப்பாற்ற வேறு சொல் பெரும்பாலும் இருக்காது.

விரலை வைத்துப் பின்னோக்கிச் செல்லுதல்

திருத்தும்போது நான் கைக்கொள்ளும் முறை எளியது. எழுதி முடித்த பத்தியில் பிரதிப்பெயர் ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்து, 'யார்?' அல்லது 'எது?' என்று கேட்கிறேன். விடையாகக் கிடைக்கும் பெயரை அந்தப் பிரதிப்பெயர் இருந்த இடத்தில் வைத்து ஒரு முறை வாசிக்கிறேன். வாக்கியம் பொருள் தந்தால் மூலப்பெயர் அதுவே. அதன் பிறகுதான் அது ஒன்றா பலவா, ஆணா பெண்ணா பொருளா என்று பார்க்கிறேன். மூலப்பெயரைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே ஒருமையா பன்மையா என்று யோசிக்கத் தொடங்குவதால்தான் பலரும் வழி தவறுகிறார்கள். ஏனென்றால் அப்போது கண், மூலப்பெயரை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கும் பெயரைப் பிடித்துக்கொள்கிறது.

'தி பாக்ஸ் ஆஃப் பென்சில்ஸ் ஹேஸ் லாஸ்ட் இட்ஸ் லிட்' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். மூடி தொலைந்தது பெட்டிக்கு. பென்சில்களுக்கு மூடி இல்லை. ஆனால் 'பென்சில்ஸ்' என்ற பன்மைச் சொல் 'இட்ஸ்' என்பதற்கு அருகில் இருப்பதால், அவசரத்தில் எழுதும் கை 'தெயர் லிட்' என்று எழுதிவிடுகிறது. 'ஆஃப்' என்று தொடங்கும் சொற்றொடரை மனத்திற்குள் அடைப்புக்குள் போட்டுவிட்டு மீதியை வாசித்தால் 'தி பாக்ஸ் ஹேஸ் லாஸ்ட் இட்ஸ் லிட்' என்று தெளிவாக நிற்கும். அருகில் இருப்பது மூலப்பெயராக இருக்க வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை.

பாலைப் பொறுத்தவரை நமக்கென்றே உரிய ஒரு சறுக்கல் இருக்கிறது. 'அம்மா தன் மகனை அழைத்தாள்', 'அப்பா தன் மகளை அழைத்தார்' என்ற இரண்டு வாக்கியங்களிலும் நாம் 'தன்' என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறோம். அதற்குப் பால் இல்லை. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் 'ஹிஸ்', 'ஹெர்' என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். தேர்வு உடைமைக்கு உரியவரைப் பொறுத்தது, உடைமையைப் பொறுத்தது அன்று. பின்னால் வரும் மகன் ஆண் என்பதால் 'தி மதர் கால்ட் ஹிஸ் சன்' என்று எழுதிவிட்டால், அது வெறும் இலக்கணப் பிழையோடு நிற்பதில்லை. வேறு யாரோ ஓர் ஆணின் மகனை அந்தத் தாய் அழைத்தாள் என்று பொருள் மாறிவிடுகிறது. 'தி மதர் கால்ட் ஹெர் சன்' என்பதே சரி. 'தன்' என்று மனம் சொல்லும் இடமெல்லாம் ஒரு நொடி நின்று, 'யாருடைய?' என்று கேட்டுவிட்டு எழுதுவது இதற்கு நல்ல மருந்து.

'ஒவ்வொருவரும்' என்னும் இடம்

ஆங்கிலத் தேர்வுகளில் இப்பகுதியிலிருந்து கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பங்கு 'ஈச்', 'ஐதர்', 'நைதர்', 'எவ்ரிபடி', 'சம்படி', 'எனிபடி', 'நோபடி' ஆகிய சொற்களைச் சுற்றியே அமைகிறது. இவை அனைத்தும் இலக்கணப்படி ஒருமை. 'ஈச் ஆஃப் தி கேர்ள்ஸ் ப்ராட் ஹெர் புக்' என்பதே மரபான வடிவம். 'கேர்ள்ஸ்' பன்மையாக இருந்தாலும் மூலப்பெயர் 'ஈச்' என்பதால் 'ஹெர்' வருகிறது. இங்கே நம் செவி நம்மை ஏமாற்றும், ஏனெனில் தமிழில் 'ஒவ்வொருவரும் தங்கள் புத்தகத்தைக் கொண்டுவந்தார்கள்' என்று பன்மையில் முடிப்பதுதான் நமக்குப் பழகியது. 'எவ்ரிபடி' என்பதையும் 'எல்லோரும்' என்றே மனத்திற்குள் மொழிபெயர்த்துக்கொள்கிறோம். எல்லோரும் என்றால் பலர்தானே. 'படி' என்று வரும் பகுதி ஓர் ஆள், ஓர் உடல் என்ற ஒருமைப் பொருளைத் தருவது என்பதை நினைவில் வைத்தால், 'எவ்ரிபடி ஆர்' என்று எழுதாமல் 'எவ்ரிபடி இஸ்' என்று எழுதுவதும் தானாக வந்துவிடும்.

இதற்கு நேர்மாறாக, 'போத்', 'ஃபியூ', 'மெனி', 'செவரல்' ஆகியவை எப்போதும் பன்மை. இவற்றில் யாரும் தடுமாறுவதில்லை. 'சம்', 'எனி', 'ஆல்', 'மோஸ்ட்', 'நன்' என்ற ஐந்தும்தான் இரு பக்கமும் சாய்பவை. இவற்றுக்கு மட்டும், சற்றுமுன் அடைப்புக்குள் போடச் சொன்ன 'ஆஃப்' சொற்றொடரைத் திறந்து பார்க்க வேண்டும். 'சம் ஆஃப் தி வாட்டர் லாஸ்ட் இட்ஸ் கலர்' என்பதில் தண்ணீர் எண்ண முடியாதது, ஆகவே 'இட்ஸ்'. 'சம் ஆஃப் தி ஃப்ளவர்ஸ் லாஸ்ட் தெயர் கலர்' என்பதில் பூக்கள் எண்ணக்கூடியவை, ஆகவே 'தெயர்'.

இலக்கணப்படி ஒருமை என்று சொன்னேன். ஆனால் ஆங்கிலம் இதில் எல்லா இடத்திலும் பிடிவாதமாக இருப்பதில்லை. 'எவ்ரிபடி லெஃப்ட் பிகாஸ் தே வேர் டயர்ட்' என்ற வாக்கியத்தில் 'தே' என்பதை எடுத்துவிட்டு 'ஹி வாஸ் டயர்ட்' என்று வைத்துப் பாருங்கள்: யாரோ ஒருவன் களைத்துப்போனதால் மற்ற அனைவரும் எழுந்து போனதாகப் பொருள்படும். அதேபோல் 'நோபடி கால்ட், டிட் தே?' என்று வாக்கிய இறுதியில் ஒட்டும் கேள்வியில் 'தே' வருவது இலக்கண நூல்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட வழக்கு. இந்த இரண்டு இடங்களையும் பார்த்த பிறகு, 'எவ்ரிபடி' வந்தால் 'தே' வரவே கூடாது என்று சொல்லிக்கொடுப்பது எனக்கு ஒருபோதும் சரியாகப் படவில்லை.

ஒருவரைச் சுட்டும் 'தே'

'சம்படி லெஃப்ட் தெயர் பேக் ஹியர்' என்று ஒருவர் எழுதினால் அது பிழையா? பையை விட்டுச் சென்றவர் ஒருவர்தான். ஆனால் அவர் ஆணா பெண்ணா என்று தெரியாது. 'ஹிஸ் பேக்' என்றால் ஆண் என்று முடிவு கட்டிவிடுகிறோம். 'ஹிஸ் ஆர் ஹெர் பேக்' என்றால் ஒரு முறை பொறுத்துக்கொள்ளலாம், பத்திக்கு நான்கு முறை வந்தால் வாசிப்பவருக்கு மூச்சு முட்டும். ஆகவே பால் தெரியாத ஒருவருக்குத் 'தே', 'தெயர்' என்று பன்மை வடிவத்தையே பயன்படுத்தும் வழக்கம் ஆங்கிலத்தில் இருக்கிறது. இது நேற்று முளைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். எழுத்துச் சான்றுகள் 14ஆம் நூற்றாண்டிலிருந்தே கிடைக்கின்றன. 18ஆம் நூற்றாண்டு முதல் இலக்கண ஆசிரியர்கள் இதனைக் கண்டித்து, இருபாலருக்கும் பொதுவாக 'ஹி' என்றே எழுத வேண்டும் என்று வலியுறுத்தினார்கள். 1850இல் பிரிட்டன் நாடாளுமன்றம், சட்டங்களில் வரும் ஆண்பால் சொற்கள் பெண்களையும் உள்ளடக்கும் என்று சட்டமே இயற்றியது. ஆனால் பேச்சு வழக்கு அந்தக் கண்டிப்புக்குக் கட்டுப்படவில்லை. 2019இல் அமெரிக்க உளவியல் சங்கம் வெளியிட்ட எழுத்து நடை வழிகாட்டியின் ஏழாம் பதிப்பு, ஒருவரைச் சுட்டும் 'தே' என்பதை ஆய்வுக் கட்டுரைகளிலும் பயன்படுத்துமாறு பரிந்துரைத்தது; அதே ஆண்டில் மெரியம் வெப்ஸ்டர் அகராதி 'தே' என்பதையே ஆண்டின் சொல்லாக அறிவித்தது.

இதைப் புரிந்துகொள்வதில் தமிழ் வாசகருக்கு உள்ள வசதி வேறு பலருக்கு இல்லை என்றே நினைக்கிறேன். 'அவர்' என்ற சொல் பலர்பாலுக்கு உரியது. இன்று நாம் ஒரே ஒருவரை, ஆணோ பெண்ணோ, மரியாதையோடு சுட்ட அதைத்தான் பயன்படுத்துகிறோம். ஒருவரைப் பன்மையால் கூறுவது வழக்கில் வந்த உயர்சொல்லே தவிர, இலக்கண நெறிப்படி அமைந்தது அன்று என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் கூறுகிறது. பிழை என்று தள்ளாமல், இலக்கணம் என்றும் கொள்ளாமல், ஏற்றுக்கொள்ளப்பட்ட விலகலாக வைத்துக்கொள்ளும் இந்த மனப்பாங்குக்கு வழுவமைதி என்று பெயர். ஒருவரைச் சுட்டும் 'தே' என்பதையும் ஆங்கிலத்தின் வழுவமைதியாகக் கொண்டால் குழப்பம் தீர்ந்துவிடும். 'அவர் வந்தார்' என்று வினையும் சேர்ந்து பன்மை ஈறு ஏற்பதைப் போலவே, 'தே' ஒருவரைச் சுட்டும்போதும் 'தே ஆர்', 'தே ஹேவ்' என்றுதான் வரும். 'தே இஸ்' என்று எழுதக் கூடாது. ஒருவரைப் பார்த்து 'யூ ஆர்' என்று சொல்வதும் இதே வகைதான். 'யூ' என்பதும் ஒரு காலத்தில் பன்மைக்கு மட்டுமே உரியதாக இருந்த சொல்.

நடைமுறையில் எதை எழுதுவது என்று கேட்டால், என் அறிவுரை எழுதும் இடத்தைப் பொறுத்தது. பழைய விதியின்படி திருத்தப்படும் இலக்கணத் தேர்வில் 'ஹிஸ் ஆர் ஹெர்' என்று எழுதுவதே பாதுகாப்பு. கடிதத்திலும் கட்டுரையிலும் 'தெயர்' என்று எழுதலாம். இரண்டிலும் மனம் ஒப்பவில்லை என்றால் மூலப்பெயரையே பன்மையாக்கிவிடலாம்: 'எவ்ரி ஸ்டூடண்ட் மஸ்ட் ப்ரிங் ஹிஸ் ஆர் ஹெர் பென்' என்பதை 'ஆல் ஸ்டூடண்ட்ஸ் மஸ்ட் ப்ரிங் தெயர் பென்ஸ்' என்று மாற்றினால் யாரும் குறை சொல்ல முடியாது. இன்னும் எளிய வழி, பிரதிப்பெயரே தேவையா என்று பார்ப்பது. 'எவ்ரி ஸ்டூடண்ட் மஸ்ட் ப்ரிங் எ பென்' என்பதில் அது இல்லாமலே வாக்கியம் முழுமையாக நிற்கிறது. ஒருவர் தமக்கு எந்தப் பிரதிப்பெயர் வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தால், அதைப் பயன்படுத்துவதே முறை. அங்கே விதியை ஆராய்வதற்கு ஒன்றும் இல்லை.

இணைந்து வரும் பெயர்களும் கூட்டப் பெயர்களும்

'அண்ட்' என்ற சொல்லால் இணைந்த இரண்டு பெயர்கள் சேர்ந்து பன்மையாகும்: 'ரவி அண்ட் மாலா சோல்ட் தெயர் ஹவுஸ்.' இணைந்த இரண்டும் ஒரே ஆளைக் குறித்தால் மட்டும் ஒருமை வரும். 'மை ஃப்ரெண்ட் அண்ட் டீச்சர் லாஸ்ட் ஹிஸ் கீ' என்றால் நண்பரும் ஆசிரியரும் ஒருவரே. முன்னால் 'ஈச்' அல்லது 'எவ்ரி' வந்தாலும் ஒருமைதான்: 'எவ்ரி டாக் அண்ட் கேட் ஹேட் இட்ஸ் ஓன் பவுல்.'

'ஆர்', 'நார்' ஆகியவற்றால் இணைந்தால், பிரதிப்பெயர் தனக்கு அருகில் உள்ள பெயரோடு ஒத்துப்போகும். அருகாமையை நம்பாதீர்கள் என்று முன்பு சொன்னதற்கு இது ஒன்றே விலக்கு. 'நைதர் தி கேப்டன் நார் தி ப்ளேயர்ஸ் ரெய்ஸ்ட் தெயர் வாய்சஸ்' என்பது நன்றாக ஒலிக்கிறது. அதையே திருப்பிப் போட்டு 'நைதர் தி ப்ளேயர்ஸ் நார் தி கேப்டன் ரெய்ஸ்ட் ஹிஸ் வாய்ஸ்' என்றால் விதி சரியாக இருந்தும் செவிக்குக் கரடுமுரடாக இருக்கிறது. வீரர்களின் குரல் என்ன ஆயிற்று என்று வாசகர் கேட்பார். ஆகவே ஒருமைப் பெயரை முதலிலும் பன்மைப் பெயரை இரண்டாவதாகவும் வைத்துவிட வேண்டும்.

'டீம்', 'கமிட்டி', 'ஃபேமிலி' போன்ற கூட்டப் பெயர்களை அமெரிக்க ஆங்கிலம் பெரும்பாலும் ஒருமையாகவே நடத்துகிறது. பிரிட்டன் ஆங்கிலம், உறுப்பினர்களைத் தனித்தனியாக எண்ணும்போது பன்மையாகவும் நடத்துகிறது. இரண்டும் சரியே. சரியில்லாதது ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலப்பது: 'தி டீம் ஹேஸ் வன் தெயர் மேட்ச்' என்பதில் வினை ஒருமை, பிரதிப்பெயர் பன்மை. 'ஹேஸ்' என்று தொடங்கினால் 'இட்ஸ்' என்று முடியுங்கள்; 'ஹேவ்' என்று தொடங்கினால் 'தெயர்' என்று முடியுங்கள். 'போலீஸ்', 'பீப்பிள்' ஆகிய இரண்டும், விகுதி இல்லாவிட்டாலும், எப்போதும் பன்மையாகவே வரும்.

விகுதியை நம்பி ஏமாறும் இடங்கள் வேறு சிலவும் உண்டு. 'நியூஸ்', 'மேத்தமேட்டிக்ஸ்' என்பவற்றின் இறுதியில் பன்மை போன்ற ஒலி இருந்தாலும் அவை ஒருமை. 'இட்' என்றே சுட்ட வேண்டும். 'சிசர்ஸ்', 'ட்ரவுசர்ஸ்' ஆகியவை நம் கண்ணுக்கு ஒரே பொருளாகத் தெரிந்தாலும் பன்மை. 'வேர் ஆர் தி சிசர்ஸ்? ஐ நீட் தெம்' என்றே கேட்க வேண்டும். 'இன்ஃபர்மேஷன்', 'ஃபர்னிச்சர்', 'லக்கேஜ்', 'அட்வைஸ்', 'எக்விப்மென்ட்' ஆகியவற்றுக்குப் பன்மை வடிவமே கிடையாது. பத்து நாற்காலிகள் இருந்தாலும் 'தி ஃபர்னிச்சர் இஸ் ஓல்ட், பட் இட் இஸ் ஸ்ட்ராங்' என்பதுதான் சரி.

இடம் மாறாமல் பார்த்துக்கொள்வதும் இதே விதியின் ஒரு பகுதியே. படர்க்கையில் தொடங்கிய வாக்கியம் நடுவில் முன்னிலைக்குத் தாவக் கூடாது. 'இஃப் எ பர்சன் ரீட்ஸ் டெய்லி, யூ வில் இம்ப்ரூவ்' என்று எழுதினால், யாரோ ஒருவர் படிக்க, முன்னேறுவது நீங்கள் என்று ஆகிவிடுகிறது.

'ஹூ' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் எண்

'ஹூ', 'விச்', 'தட்' ஆகிய இணைப்புப் பிரதிப்பெயர்களின் வடிவம் ஒருமைக்கும் பன்மைக்கும் ஒன்றுதான் என்பதால், அவற்றின் எண் பின்னால் வரும் வினையிலும் உடைமைச் சொல்லிலும்தான் வெளிப்படும். இதில் நன்கு எழுதுபவர்கள்கூடத் தயங்கும் ஓரிடம் உண்டு. 'ஷி இஸ் ஒன் ஆஃப் தி டீச்சர்ஸ் ஹூ கிவ் தெயர் சண்டேஸ் டு திஸ் வொர்க்' என்ற வாக்கியத்தில் 'கிவ்' சரியா, 'கிவ்ஸ்' சரியா? ஞாயிற்றுக்கிழமைகளைத் தருகிறவர்கள் யார் என்று கேளுங்கள். அப்படித் தரும் ஆசிரியர்கள் பலர். அவர்களுள் இவர் ஒருவர். ஆகவே 'ஹூ' சுட்டுவது 'டீச்சர்ஸ்' என்ற பன்மையை. 'கிவ் தெயர்' என்பதே சரி. இப்போது 'ஒன்' என்பதற்கு முன்னால் 'தி ஒன்லி' என்று சேருங்கள்: 'ஷி இஸ் தி ஒன்லி ஒன் ஆஃப் தி டீச்சர்ஸ் ஹூ கிவ்ஸ் ஹெர் சண்டேஸ்.' தருகிறவர் இவர் ஒருவர் மட்டுமே என்று ஆகிவிட்டதால் 'கிவ்ஸ் ஹெர்' வருகிறது. இந்த இரண்டு சொற்கள் சேர்ந்ததும் மூலப்பெயர் இடம் பெயர்ந்துவிட்டது.

மூலப்பெயர் இரண்டாக இருந்தால்

எண்ணும் பாலும் சரியாக இருந்தும் வாக்கியம் பிழையாக இருக்க முடியும். 'ரவி டோல்ட் குமார் தட் ஹி ஹேட் ஃபெயில்ட்' என்பதில் தோற்றவர் யார்? 'ரவி, தான் தோற்றுவிட்டதாகக் குமாரிடம் சொன்னான்' என்றும், 'குமார் தோற்றுவிட்டதாக ரவி அவனிடமே சொன்னான்' என்றும் தமிழில் பிரித்துச் சொல்லிவிடலாம். 'தான்' என்ற சொல் எழுவாயையே திரும்பிச் சுட்டும் என்பதால் நமக்கு ஐயம் எழுவதில்லை. ஆங்கிலத்தில் இந்த வேலையைச் செய்யத் தனிச்சொல் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதிய ஒரு குறிப்பில், 'தி மேனேஜர் இன்ஃபார்ம்ட் தி அக்கவுண்டன்ட் தட் ஹி மஸ்ட் சைன் தி ஃபார்ம்' என்று எழுதிவிட்டேன். மேலாளர், கணக்காளர் கையெழுத்திடுவார் என்றும், கணக்காளர், மேலாளர் கையெழுத்திடுவார் என்றும் எண்ணிக்கொண்டதால் அந்தப் படிவம் இரண்டு நாள் அப்படியே கிடந்தது. 'தி மேனேஜர் ஆஸ்க்ட் தி அக்கவுண்டன்ட் டு சைன் தி ஃபார்ம்' என்று எழுதியிருந்தால் பிரதிப்பெயருக்கே இடம் இருந்திருக்காது. அன்றிலிருந்து, ஒரே பாலைச் சேர்ந்த இருவர் ஒரு வாக்கியத்தில் வந்தால் பெயரைத் திரும்ப எழுதத் தயங்குவதில்லை.

மூலப்பெயர் உடைமை வடிவத்தில் ஒளிந்திருப்பது இன்னொரு சிக்கல். 2002இல் அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் எழுதிய பி.எஸ்.ஏ.டி. தேர்வில், அமெரிக்க நாவலாசிரியை டோனி மாரிசனைப் பற்றி 'டோனி மாரிசன்ஸ் ஜீனியஸ் எனேபிள்ஸ் ஹெர் டு க்ரியேட் நாவல்ஸ்' என்று தொடங்கும் வாக்கியத்தைக் கொடுத்து, பிழை இருந்தால் சுட்டுமாறு கேட்டிருந்தார்கள். பிழை இல்லை என்பதே அவர்கள் வைத்திருந்த விடை. 'டோனி மாரிசன்ஸ்' என்பது பெயரடை போல நிற்கும் உடைமை வடிவம், 'ஹெர்' அதனைச் சுட்ட முடியாது, சுட்டுவதற்குரிய பெயர் வாக்கியத்தில் இல்லை என்று ஓர் ஆசிரியர் வாதிட்டார். கடைசியில் 2003இல் அந்தக் கேள்வியையே நீக்கிவிட்டு மதிப்பெண்களை மறுபடி கணக்கிட்டார்கள். என் கருத்தைச் சொன்னால், அந்த வாக்கியத்தில் பிழை இல்லை. 'ஹெர்' யாரைச் சுட்டுகிறது என்பதில் எந்த வாசகருக்கும் ஐயம் வராது. ஆனால் உடைமை வடிவத்தோடு இன்னொரு பெண்ணின் பெயரும் வந்துவிட்டால் நிலைமை மாறும். 'மாலாஸ் சிஸ்டர் சேஸ் ஷி இஸ் இல்' என்பதில் உடல்நலமில்லாதவர் மாலாவா, தங்கையா என்பது எழுதியவருக்கு மட்டுமே தெரியும்.

'திஸ்', 'விச்', 'இட்' ஆகியவை பெயர் எதையும் சுட்டாமல், முன்னால் சொன்ன செய்தி முழுவதையும் சுட்டுமாறு எழுதுவதும் இப்படித்தான் வாசகரைத் தடுமாற வைக்கிறது. 'தி ட்ரெயின் வாஸ் லேட் அண்ட் தி ஹால் வாஸ் ஃபுல். திஸ் மேட் அஸ் ஆங்ரி' என்றால் கோபத்துக்குக் காரணம் தாமதமா, இடமின்மையா, இரண்டுமா? 'திஸ் டிலே' என்று ஒரு பெயரைச் சேர்த்துவிட்டால் கேள்வி எழாது.

ஒரு பத்தியைத் திருத்திப் பார்ப்போம்

இதுவரை சொன்னவற்றை ஒரே இடத்தில் செய்து காட்ட, நான்கு வாக்கியங்கள் கொண்ட ஒரு சிறு பத்தியை எடுத்துக்கொள்கிறேன்: 'ஈச் ஆஃப் தி ரிப்போர்ட்ஸ் ஹேஸ் தெயர் ஓன் டைட்டில். நைதர் தி எடிட்டர் நார் தி ரைட்டர்ஸ் ஹேவ் சைன்ட் ஹிஸ் நேம். தி கமிட்டி ஹேஸ் கிவன் தெயர் அட்வைஸ், பட் தே ஆர் நாட் கிளியர். வென் எ ரீடர் ஓப்பன்ஸ் தி ஃபைல், யூ வில் சீ தி மிஸ்டேக்ஸ்.'

முதல் வாக்கியத்தில் விரல் 'தெயர்' மேல் நிற்கிறது. எதனுடைய தலைப்பு? ஒவ்வோர் அறிக்கையினுடையது. மூலப்பெயர் 'ஈச்', அதுவும் ஆட்களைக் குறிக்கவில்லை என்பதால் 'தே' வழுவமைதிக்கு இங்கே வேலை இல்லை. 'இட்ஸ் ஓன் டைட்டில்' என்று மாற்றுகிறேன். இரண்டாவதில் 'ஹிஸ்'. 'நார்' வந்திருக்கிறது, அருகில் இருப்பது 'ரைட்டர்ஸ்'. ஆகவே 'தெயர் நேம்ஸ்'. பலர் கையெழுத்திட்டால் பெயரும் பலவாகும் என்பதால் 'நேம்' என்பதையும் பன்மையாக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவதில் இரண்டு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. 'கமிட்டி ஹேஸ்' என்று ஒருமையில் தொடங்கியதால் 'தெயர் அட்வைஸ்' என்பதை 'இட்ஸ் அட்வைஸ்' என்று ஆக்குகிறேன். அடுத்து 'தே ஆர் நாட் கிளியர்'. தெளிவில்லாதது எது என்று கேட்டால் 'அட்வைஸ்' என்று விடை வருகிறது; அது எண்ண முடியாத ஒருமை, ஆகவே 'இட் இஸ் நாட் கிளியர்' என்று மாற்றலாம். விதிப்படி அது சரிதான். ஆனால் பெயரை வைத்து வாசித்துப் பார்க்கும்போது, குழுவும் ஒருமை, அறிவுரையும் ஒருமை என்பதால் 'இட்' இரண்டையும் சுட்டக்கூடும் என்று தெரிகிறது. ஆகவே பிரதிப்பெயரை விட்டுவிட்டு 'பட் தி அட்வைஸ் இஸ் நாட் கிளியர்' என்று எழுதுகிறேன்.

நான்காவதில் 'ரீடர்' படர்க்கை, 'யூ' முன்னிலை. வாசகர் ஆணா பெண்ணா என்று தெரியாததால் 'ஹி' என்று மாற்ற மனமில்லை. மூலப்பெயரையே பன்மையாக்கி 'வென் ரீடர்ஸ் ஓப்பன் தி ஃபைல், தே வில் சீ தி மிஸ்டேக்ஸ்' என்று எழுதுகிறேன். பெயரைப் பன்மையாக்கியதோடு கை நின்றுவிடாமல், அதன் முன்னிருந்த 'எ' என்பதையும், 'ஓப்பன்ஸ்' என்ற வினையின் இறுதியில் இருந்த ஒருமை விகுதியையும் சேர்த்து நீக்கினால்தான் அந்தத் திருத்தம் முடிகிறது.